டீப் ஃப்ரீசர் இல்லாமல் வைரஸ் ஆர்என்ஏ: குவானிடின் குழாய்களோடு பழகிய அனுபவம்

மூக்கு, தொண்டை ஸ்வாப்களுக்கு விடிஎம்மை (வைரஸை உயிரோடு கொண்டுபோகும் திரவம்) விட்டுவிட்டு, குவானிடின் தயோசயனேட் என்ற வேதிப்பொருள் கலந்த குழாய்களுக்கு மாறி வருடக்கணக்கில் ஆகிவிட்டது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு பிசிஆர் (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) மட்டும்தான் வேலை என்றால் தயங்காமல் மாறுங்கள்.

விடிஎம்மில் 2 முதல் 8 டிகிரியில் 72 மணி நேரம், அதைத் தாண்டினால் மைனஸ் 70. மாதிரி எடுக்கும் இடத்தில் டீப் ஃப்ரீசர் இல்லை, வண்டி தாமதம், ஐஸ் பேக் உருகிவிட்டது என்றால் கதை முடிந்தது. வெப்பத்தைவிடப் பெரிய எதிரி மாதிரியோடு சேர்ந்தே வந்து ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதிகள்தான். குவானிடின் அந்தப் புரதங்களின் அமைப்பையே குலைத்துவிடுகிறது, அதனால்தான் அறை வெப்பநிலையில் பல நாள் கிடந்து வந்த குழாய்களிலும் சிடி மதிப்பு (எத்தனையாவது பிசிஆர் சுழற்சியில் வைரஸ் தெரிகிறது என்ற எண்) பெரிதாக நகர்ந்து நான் பார்க்கவில்லை. வைரஸின் உறையும் உடைந்துவிடுவதால் குழாயைத் திறப்பவருக்கும் ஆபத்து குறைவு. ஆனால் கெட்டியான சளியை அளவுக்கு மீறிப் போட்டால் இந்தப் பாதுகாப்பை நம்பக்கூடாது, திரவத்தின் விகிதம் முக்கியம்.

சரி, இழப்பது என்ன? உயிருள்ள வைரஸ். கல்ச்சர் செய்ய, அதாவது ஆய்வகத்தில் வைரஸை வளர்க்க முடியாது, ஆன்டிஜென் கிட்டிலும் போட முடியாது. அது தேவைப்படும் இடத்தில் விடிஎம்மில் இன்னொரு ஸ்வாப் எடுத்தே ஆக வேண்டும். அப்புறம் குவானிடின் பிசிஆரையே தடுக்கும், ஆகவே ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்காமல் நேரடியாக ஓட்டும் முறைகளுக்கு இது சரிப்படாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பிளீச் பற்றி. சிந்தியதைத் துடைக்க, கழிவில் ஊற்ற என்று கை தானாக பிளீச்சைத் தேடும். குவானிடின் தயோசயனேட்டோடு சேர்ந்தால் சயனைடு வாயு வரும். பிளீச் பயன்படுத்தும் பரிசோதனைக் கருவிகளில் இந்தக் குழாய்களை வைக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-இல் எச்சரித்ததும் இதற்காகத்தான். கழிவு டப்பாவைத் தனியாக வைத்து பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

இரத்த மாதிரிக்கு உலர் இரத்தப் புள்ளி அட்டைகளையும் பயன்படுத்துகிறோம். நன்றாகக் காய்ந்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய பையில் இருந்தால் அனுப்புவது சுலபம். ஆனால் ஒரு புள்ளியில் இருக்கும் இரத்தம் மிகக் கொஞ்சம், குறைந்த வைரஸ் அளவு தப்பிவிடும். எச்ஐவியில் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவும் சேர்ந்து வைரஸ் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டலாம். துல்லியமான எண் வேண்டுமென்றால் நான் இன்னும் பிளாஸ்மாவை (செல்கள் நீக்கிய இரத்தத் திரவம்)த்தான் கேட்கிறேன்.