ராயக்கோட்டை ரோடு கண்ணாடி பட்டறை: பழைய பிக்கப் கேபின் ஒழுகுச்சுன்னா இங்க காட்டுங்க

கிருஷ்ணகிரில ராயக்கோட்டை ரோட்ல கண்ணாடிய சுத்தி மாட்டுற பீடிங் ரப்பர வெளிய கொத்தா தொங்கவிட்டிருக்க ஒரு சின்ன பட்டறை இது, போர்டு கூட மங்கி போயி சரியா தெரியாது, ஆனா பட்டறைக்காரரு பொலிரோ பிக்கப்புக்கும் டாடா 207க்கும் ரப்பர் கைவசம் வச்சிருக்காரு.

எங்க பழைய பிக்கப்ல மழை பேஞ்சா கிளீனர் பக்கம் காலடில தண்ணி நிக்கும், தக்காளி லோடு ஏத்திட்டு போற பசங்க செருப்ப சீட்டு மேல வச்சுட்டு தான் உக்காருவாங்க. போன வருஷம் வேற ஒரு எடத்துல குடுத்ததுக்கு கண்ணாடிய சுத்தி சிலிக்கான அப்பிட்டு காச வாங்கிட்டாங்க, ஐப்பசி மழைக்கு மறுபடியும் அதே கதை.

இவரு வண்டிய பாத்தவொடனே சிலிக்கான் டியூப கைல எடுக்கல, எனக்கு புடிச்சதே அதான். மொதல்ல மேட்ட தூக்கி அடில இருந்த ஃபோம புழிஞ்சு காட்டுனாரு, மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் அது குடிச்ச தண்ணி அப்படியே தான் இருக்கு, தரைத்தகடு துருப்பிடிக்கிறது அதனால தானாம். அப்புறம் டேஷ்போர்டு ஓரம், பக்கத்து தூண் எல்லாம் முகத்துக்கு போடுற பவுடர தூவி, பையன டார்ச்சோட உள்ள உக்கார வச்சு, ஓஸ்ல பிரஷர் இல்லாம கீழ இருந்து மேல ஒவ்வொரு எடமா தண்ணி விட்டாரு. மேல இருந்து ஆரம்பிச்சா எல்லா பக்கமும் வழிஞ்சு எது ஓட்டைன்னே தெரியாது. பவுடர்ல தண்ணி ஓடுன தடம் பளிச்சுன்னு காட்டிக்குடுத்துருச்சு.

ரெண்டு எடம் மாட்டுச்சு. ஒண்ணு வைப்பருக்கு கீழ காத்து உள்ள போக ஓட்டை ஓட்டையா இருக்க ஜாலி தட்டு. நாங்க வண்டி நிறுத்துறது புளியமரத்தடி, அந்த பொடி எலை உள்ள எறங்கி மக்கி தண்ணி வெளிய போற ஓட்டைய அடைச்சிருக்கு, தேங்குன தண்ணி புளோயர் காத்து இழுக்குற வழியா உள்ள கொட்டுது. கம்பி விட்டு குத்துனா கறுப்பா ஒரு கை நெறைய சேறு! இத விட்டுட்டு கண்ணாடிய சுத்தி எத்தன டியூப் வச்சா என்ன?

இன்னொண்ணு கண்ணாடி மேல் மூலை. கழட்டி பாத்தா ரப்பர் கல்லாட்டம் இறுகி, அது உக்கார்ற தகட்டு விளிம்பு பொரிஞ்சு போயிருக்கு. முன்ன அப்புனது புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கான், அது காயுறப்போ வர்ற ஆசிட் வெறுந்தகட்ட அரிக்கும்னாரு. துருவ சுரண்டி பிரைமர் அடிச்சு, பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் வச்சு, புது ரப்பர் போட்டாரு. அத மாட்டுறது தாங்க வேலை: ரப்பர்ல தகடு உக்கார்ற பள்ளத்துல நைலான் கயிற சுத்தி விட்டு, சோப்புத்தண்ணி தடவி, வெளிய இருந்து பையன் கண்ணாடிய தட்டி அமுக்க, உள்ள இருந்து இவரு கயிற இழுக்க இழுக்க ரப்பர் உதடு தகட்டு மேல ஏறி உக்காருது.

ரப்பர், கூலி எல்லாம் சேத்து 2,000 சொச்சம் ஆச்சு. அதுக்கப்புறம் நல்ல மழையே பேஞ்சுருச்சு, காலடி காஞ்சு தான் கெடக்கு.

குறையும் இருக்கு. சீலன்ட் வழிஞ்ச எடத்த சரியா தொடைக்கல, பெயின்ட் மேல கறுப்பு தீத்தல் அப்படியே இருக்கு. கதவுக்குள்ள கிழிஞ்ச பிளாஸ்டிக் ஷீட்டுக்கு சாதா டேப்ப ஒட்டி குடுத்தாரு, ஒரு பக்கம் இப்பவே உரிஞ்சுருச்சு, அந்த வேலைக்கு பிசுபிசுன்னு ரப்பர் மாதிரி ஒட்டுற பியூட்டைல் டேப்பு தான்னு கேட்டு போடச்சொல்லுங்க. டிங்கரிங் பண்ண மாட்டாரு, தகடு ஓட்டையே விழுந்துருந்தா மொதல்ல வெல்டிங் முடிச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிடுவாரு. சொன்ன நேரத்துக்கு முடியாது. சீலன்ட் காய வண்டிய ராத்திரி அங்கயே விடணும், அதனால லோடோட போயிடாதீங்க, கை வைக்க மாட்டாரு.