பழைய 28 இஞ்ச் சைக்கிளுக்குக் காயலான் கடைச் சாமான்: எது பொருந்தும், எது படுத்தும்?

ஹெர்குலஸ், ராலே, அட்லஸ், ஹீரோ என்று எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், ராடு பிரேக் வைத்த பெரிய சைக்கிள்களின் உடம்பு ஏறக்குறைய ஒன்றுதான். லக் (குழாய்கள் சேரும் மூட்டுறை) வைத்துப் பித்தளையில் பற்றவைத்த எஃகு பிரேம், 28 x 1½ சக்கரம், காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு) போட்ட கிராங்க். 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் அம்பத்தூர் வண்டிகளில் இன்னும் பல தினமும் ஓடுகின்றன. பிரேம் அவ்வளவு சீக்கிரம் சாகாது. அதனால்தான் இதற்குச் சாமான் தேடுவது வீண் வேலை இல்லை.

ஆனால் கழற்றிப் போட்ட எம்டிபி (மலைச் சைக்கிள்) ஒன்றிலிருந்து எதை எடுத்தாலும் இதில் ஏறிவிடும் என்று நினைப்பவர்கள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கள் கணிப்பில் எல்லாவற்றையும் தீர்மானிப்பவை இரண்டே எண்கள்: ஹப்பின் துளை எண்ணிக்கை, பூட்டு நட்டுக்குப் பூட்டு நட்டு ஹப்பின் அகலம். இங்கிலாந்து வழக்கப்படி நம் பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. எம்டிபி ஹப் பெரும்பாலும் 36. 36 துளை ஹப்பை 40 துளை ரிம்மில் ஒழுங்காகக் கோக்க வழியே இல்லை. அகலத்தில் நம் வண்டியின் பின்பக்கம் சுமார் 110 மி.மீ., முன்பக்கம் 90-ஐ ஒட்டி. எம்டிபியில் இவை 135, 100. வெர்னியர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சக்கரம்: 635-ஆ, 622-ஆ, 559-ஆ?

டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 28 x 1½-க்கு 635 மி.மீ., 700சி-க்கு 622, எம்டிபி 26-க்கு 559. பக்கவாட்டில் எழுதியிருக்கும் இஞ்ச் கணக்கை நம்ப வேண்டாம். டயரில் சின்னதாக 40-635, 37-622 என்று அச்சிட்டிருப்பதே சரியான அளவு.

எளிதில் கிடைப்பது 559. அதைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும். ரிம் ஆரம் 38 மி.மீ. குறைகிறது. 2 இஞ்ச் தடிமனான டயர் போட்டாலும் வண்டி மொத்தமாகச் சுமார் 24 மி.மீ. இறங்கும். வளைவில் மிதித்துக்கொண்டே திரும்பினால் பெடல் தரையில் இடிக்கும். ராடு பிரேக் கட்டை ரிம்முக்கு எட்டாது. எம்டிபியில் வரும் வி-பிரேக்கை மாட்டப் பிரேமில் முளை கிடையாது. அந்த முளையைப் பற்றவைக்கப் பட்டறையில் ஆர்க் வெல்டிங் அடிப்பார்கள். மெல்லிய குழாயில் அந்தச் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே நாளை விரிசல் விடும். பிரேமைக் காப்பாற்றத்தானே இந்த வேலையெல்லாம்?

635-ஐ அப்படியே வைத்துக்கொள்வது மிகச் சுலபம். டயர், டியூப், கம்பி எல்லாம் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். குரோம் பூசிய ரிம் நனைந்தால் பிரேக் பிடிப்பு வெகுவாகக் குறையும், அது ஒன்றுதான் குறை. மழைக்காலத்தில் சந்தடியான சாலையில் ஓட்டுபவருக்கு அது சின்னக் குறை இல்லை.

622-தான் கொஞ்சம் யோசித்தால் பலன் தருவது. ஆரத்தில் 635-க்கும் இதற்கும் 6.5 மி.மீ.தான் வித்தியாசம், 38 மி.மீ. டயர் போட்டால் வண்டியின் நிற்பு மாறுவது கண்ணுக்கே தெரியாது. பழைய ஹைபிரிட் வண்டிகளின் அலுமினிய ரிம்களில் 32 துளை சாதாரணமாகக் கிடைக்கும். ஆகவே ஹைபிரிட்டின் முழுச் சக்கரத்தை வாங்கி போர்க்கை விரிப்பதைவிட, அதன் ரிம்மை மட்டும் எடுத்து நம் வண்டியின் 32 துளை முன் ஹப்பிலேயே கோத்துவிடலாம். போர்க்கில் கை வைக்கத் தேவையில்லை. முழுச் சக்கரம் போட்டால் சுமார் 10 மி.மீ. விரிக்க வேண்டும். அதோடு பழைய போர்க்கின் காடி 5/16 இஞ்ச் அச்சுக்கு வெட்டியது, புதிய அச்சு தடிமன். அரம் போட்டு ராவ வேண்டியிருக்கும்.

கோக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பழைய கம்பி நீளமாக இருக்கும். அதையே போட்டு முறுக்கினால் நுனி நிப்பிளைத் தாண்டி டியூபைக் குத்தும். ரிம்மின் உள்விட்டத்தையும் ஹப் விளிம்பின் விட்டத்தையும் அளந்து, கடைக்காரரிடம் 14 கேஜ் கம்பியை அந்த நீளத்துக்கு வெட்டி மரை போட்டுத் தரச் சொல்லுங்கள். ஹப்பின் துளை பெரிதாகி கம்பித் தலை ஆடினால் தலைக்கடியில் சின்னப் பித்தளை வாஷர் போடலாம். கோட்டம் எடுத்து, 50 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை எடுக்க வேண்டும். புதுக் கோப்பு முதல் வாரத்தில் தளரும்.

பிரேக்: ராடா, காலிப்பரா?

ராடு பிரேக் கட்டை ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. அதனால் சக்கரம் இடவலமாக ஆடுவதைவிட மேலும் கீழுமாகத் தூக்குவதுதான் இதற்குப் பகை. 'பிரேக் விட்டு விட்டுப் பிடிக்குது' என்று கட்டையை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ரிம்மின் வட்டத்தைச் சரிபார்ப்பதில்லை. இன்னொன்று, ராடுகள் சேரும் இடத்துத் திருகு வழுக்குவது. அங்கே ராடில் மசகு ஏறியிருந்தால் மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு இறுக்குங்கள். பிடியை அழுத்தும்போது கட்டை இரண்டும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். போர்க்கில் இருக்கும் வழிகாட்டிக் கிளிப்பை மேலும் கீழும் நகர்த்தி இதைச் சரிசெய்யலாம்.

ரிம்மை இரு பக்கமும் இடுக்கி மாதிரி பிடிக்கும் காலிப்பருக்கு ரிம்மின் பக்கச்சுவர் தட்டையாக இருக்க வேண்டும். ராடு பிரேக் வண்டியில் வரும் பழைய வெஸ்ட்வுட் ரிம்மின் ஓரம் உருண்டை, அதில் காலிப்பர் பிடிக்காது. ஆக, காலிப்பர் வேண்டுமென்றால் 622 அலுமினிய ரிம்மும் கூடவே வந்துவிடும். காலிப்பர் மாட்ட போர்க்கின் தலையில் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மட்கார்டு, விளக்குக்காகப் பல வண்டிகளில் இருக்கும். இல்லையென்றால் துளை போடாதீர்கள். வண்டியில் உடையவே கூடாத இடம் அது. துளையிலிருந்து ரிம்மின் பிரேக் படும் இடம் வரை எத்தனை மி.மீ. என்று அளந்துகொள்ளுங்கள். ரேஸ் சைக்கிளின் 47–57 மி.மீ. காலிப்பர் பெரும்பாலும் எட்டாது. பழைய பிஎம்எக்ஸ் வண்டிகளின் நீளக் கை காலிப்பரைத் தேடுங்கள். பிடியையும் காலிப்பர் வண்டியிலிருந்தே எடுக்க வேண்டும். வி-பிரேக் பிடி கம்பியை அதிகம் இழுக்கும். அதைக் காலிப்பரோடு சேர்த்தால் பிடி கல் மாதிரி இறுகி, வண்டி நிற்காது.

ராடு பிரேக் பிடி ஹேண்டில் பாரோடு சேர்ந்தே வருவதால், முன்பக்கம் காலிப்பர் போட்டாலும் பின் ராடைக் கழற்ற வேண்டியதில்லை. முன்பக்கம் அலுமினிய 622-உம் காலிப்பரும், பின்பக்கம் பழைய 635-உம் ராடும் என்ற கலப்பையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. அங்கே மட்டும் மழைக்குத் தாங்கும் ரிம் இருந்தால் போதும். காலிப்பர் பிடியைப் பழைய பிடிக்குப் பக்கத்தில் கைப்பிடி ஓரமாகச் சேர்க்கலாம். பார்க்கக் கொஞ்சம் நெரிசலாக இருக்கும், கை எட்டுகிறதா என்பதுதான் முக்கியம்.

கியர்: பெரிய பிரீவீலா, ஹப் கியரா, டிரெய்லியரா?

கிராங்கில் 44 பல் பல்சக்கரம், 711 மி.மீ. விட்டமுள்ள பின்சக்கரம் என்று வைத்து, ஒரு முழு மிதிக்கு வண்டி போகும் தூரம்:

18 பல் பிரீவீல் (பின் ஹப்பில் திருகும் பல்சக்கரம்): 5.46 மீட்டர்
20 பல்: 4.91 மீட்டர்
22 பல்: 4.47 மீட்டர்
20 பல்லோடு ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏடபிள்யூ (ஹப்புக்குள்ளேயே மூன்று கியர்): 3.69 / 4.91 / 6.55 மீட்டர்

18-லிருந்து 22-க்குப் போவது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய மாற்றம். மேம்பாலம் ஏறும்போது முழங்கால் அதை உடனே உணரும். செயினில் இரண்டு கண்ணி கூட்ட வேண்டிவரும். பிரீவீலின் மரை 1.37 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 புரி என்பது பொது அளவு. எம்டிபி பிரீவீலும் அதே மரைதான். ஆனால் மரை சேர்கிறது என்பதற்காக 7 பல்சக்கர பிரீவீலை 110 மி.மீ. ஹப்பில் ஏற்றினால், சின்னப் பல் பிரேமில் போய் உரசும்.

டிரெய்லியருக்கு, அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடும் கியருக்கு, பின் பிரேமை 110-லிருந்து குறைந்தது 126 வரை விரிக்க வேண்டும். எஃகு விரியும், அது உண்மை. பக்கத்துக்கு 8 மி.மீ. சமமாக விரித்து, அச்சு உட்காரும் டிராப்அவுட் இரண்டையும் மறுபடி இணையாக வளைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அச்சு கொஞ்ச நாளில் வளைந்து முறியும். டிராப்அவுட் பின்பக்கம் திறந்ததாக இருந்தால் டிரெய்லியரை மாட்டும் கொக்கித் தகடு சரியான கோணத்தில் உட்காராது. 40 துளை ரிம்மும் போய்விடும். இத்தனையும் செய்து கிடைப்பது ஓர் அரைகுறை எம்டிபி. எங்களுக்கு இதில் சம்மதமில்லை.

ஏடபிள்யூ ஹப் கியர் கிடைத்தால் விடாதீர்கள். பழைய ராலே வண்டிகளில் வந்த ஹப்பில் 40 துளை உண்டு, அகலமும் நம் பிரேமுக்கு ஒட்டியே வரும். எதையும் விரிக்காமல், ரிம்மை மாற்றாமல் கோக்கக்கூடிய ஒரே கியர் இதுதான். ஹப் ஓட்டிலேயே செய்த வருடத்தின் எண் அடித்திருக்கும். வாங்கும்முன் அச்சைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று வந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கலாம். எண்ணெய் மூடியில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து வடித்துவிட்டு, மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டாலே பல ஹப்கள் உயிர் பெறும். கிரீஸ் திணிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் சின்னக் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு மிதி வழுக்கும்.

சரிசெய்வது: கியர் பிடியை 2-இல் வைத்து, வலப்பக்க நட்டின் ஜன்னல் வழியே பாருங்கள். சங்கிலி சேரும் குச்சியின் தோள் அச்சின் நுனியோடு சமமாக நிற்க வேண்டும். தளர்ந்திருந்தால் 2-க்கும் 3-க்கும் நடுவில் மிதி வெறுமனே சுற்றும். எழுந்து நின்று மிதிக்கும்போது அது நடந்தால் ஆள் பாரில் விழுவார். அச்சின் தட்டைப் பக்கத்தைப் பிடிக்கும் பூட்டு வாஷர் இரண்டும் அவசியம் இருக்க வேண்டும். பழைய சாமானில் முதலில் தொலைவது அதுதான்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: ஜப்பானிலிருந்து இறங்கும் பழைய சைக்கிள்களில் வரும் ஷிமானோ நெக்ஸஸ் 3. விகிதம் 0.733, 1, 1.36, ஏடபிள்யூவுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் 36 துளை, 120 மி.மீ. அகலம். 36 துளை 622 ரிம் தேடி, பிரேமைப் பக்கத்துக்கு 5 மி.மீ. விரிக்க வேண்டும். ஏடபிள்யூ கிடைக்காதபோது நல்ல இரண்டாம் தேர்வு.

எந்த ஹப்பானாலும், பழைய சக்கரத்தின் கம்பியை வெட்டும் முன்னால் பிரீவீலைக் கழற்றிவிடுங்கள். சக்கரம் கோத்திருக்கும்போதுதான் பிடித்துத் திருக நெம்புகோல் கிடைக்கும். வெட்டிய பிறகு ஹப் மட்டும் கையில் இருந்தால் வைஸில் நசுங்கத்தான் செய்யும்.

கிராங்க்: மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். காட்டர் பின் கிராங்க்குக்குக் கெட்ட பெயர் வருவது பின்னைச் சரியாக அடிக்காததால். கழற்றும்போது நட்டைப் பின் நுனிக்குச் சமமாக விட்டுவிட்டு, கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுத்து, கனமான சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால் நுனி காளான் மாதிரி விரிந்துவிடும். மாட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இல்லையென்றால் கிராங்க் இரண்டும் ஒரே கோட்டில் நிற்காது. முதல் 30 கி.மீ. கழித்து மறுபடி அடித்து நட்டை இறுக்குங்கள்.

சின்ன முன்பல் வேண்டும் என்பதற்காக எம்டிபி கிராங்க் போடுவதானால், கிராங்க் அச்சைத் தாங்கும் கப்பின் மரையை முதலில் பாருங்கள். இஞ்சுக்கு 24 புரி, 68 மி.மீ. ஷெல் (கப் திருகும் பிரேம் குழாய்) என்றால் சாதாரண கார்ட்ரிட்ஜ் (அச்சும் பேரிங்கும் சேர்ந்த கூடு) ஏறும். ராலே வகை 26 புரி என்றால் ஏறாது. வலுக்கட்டாயமாகத் திருகினால் ஷெல்லின் மரை போய்விடும். வலப்பக்கக் கப் இடமரை. பழைய கனத்த செயினை எம்டிபியின் மெல்லிய பல்லில் ஓட்டலாம். எம்டிபியின் மெல்லிய செயின் பழைய தடித்த பல்லில் உட்காராது. மலிவான எம்டிபி கிராங்கில் மூன்று பல்சக்கரமும் ரிவெட் அடித்து வரும், நடுச்சக்கரத்தை மட்டும் பயன்படுத்தினாலும் மற்ற இரண்டும் கூடவே சுற்றும். போல்ட் போட்ட கிராங்காகப் பார்த்து எடுங்கள். முன்பல்லிலிருந்து பின்பல் வரை நேர்க்கட்டை வைத்துப் பார்த்தால் 2, 3 மி.மீ.க்கு மேல் விலகல் இருக்கக் கூடாது. இருந்தால் செயின் சத்தம் போட்டுப் பல்லைத் தின்னும்.