போட்டியா, கடைப் பயிற்சியா, சொந்தச் சரக்கா: மாணவருக்குத் தொழில் சொல்லித்தர எது நல்லது?

நெல்லைச் சீமைக் கல்லூரிகளில் தொழில்முனைவுப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்குப் பெரும்பாலும் ஒரு செமஸ்டர்தான் கிடைக்கும். அதற்குள் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு தொழிலைத் தொடங்கவும் நடத்தவும் பழக்கிவிட வேண்டும். வழக்கத்தில் இருக்கும் வழிகள் மூன்று: வணிகத் திட்டப் போட்டி, ஒரு கடையில் சேர்த்துவிடும் பயிற்சி, கொஞ்சம் முதல் கொடுத்து மாணவர்களையே வியாபாரம் செய்யவிடுவது. என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஆனால் மற்ற இரண்டையும் தள்ளிவிட மாட்டேன், அவற்றுக்கான இடம் வேறு.

போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செலவு குறைவு, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேர் கலந்துகொள்ளலாம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு மேடையேறிப் பேசுவதே பெரிய காரியம், தமிழில் பேசவிட்டால் இன்னும் நன்றாகப் பேசும். குறை எங்கே என்றால், "ஊரில் நூற்றுக்கு ஒருவர் வாங்கினாலே போதும்" என்று பவர்பாயிண்டில் போட்டால் யாரும் மறித்துக் கேட்பதில்லை. அந்த ஒருவரைத் தேடி வெயிலில் அலைந்தவர் குழுவிலும் இருக்க மாட்டார், நடுவர் வரிசையிலும் அநேகமாக இருக்க மாட்டார்.

கடைப் பயிற்சி நம் பக்கத்துக்குப் புதிதே அல்ல. சாத்தான்குளம், நாசரேத், திசையன்விளைப் பக்கமிருந்து சென்னைக்கும் மும்பைக்கும் போய், மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கத் தொடங்கி, சில வருஷத்தில் கல்லாவில் உட்கார்ந்து, அப்புறம் தனிக்கடை போட்ட அண்ணாச்சிமார் எத்தனையோ பேர். அவர்கள் கற்றது எந்தப் பாடத்திட்டத்திலும் முழுசாக வராது. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரிடம் நயமாக மறுக்கலாம், மொத்த வியாபாரியிடம் எத்தனை நாள் தவணை கேட்கலாம், தீபாவளிக்கு எவ்வளவு சரக்கு இறக்கினால் மிஞ்சாது என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

இந்த வழியில் எனக்கு இரண்டு கவலைகள் உண்டு. சம்பளமில்லாத எடுபிடியாகப் பிள்ளை மாறிவிடக் கூடாது. தென்காசிப் பக்கம் ஜோஹோ நிறுவனம் நடத்தும் பள்ளியில் படிக்கும்போதே உதவித்தொகை கொடுக்கிறார்கள். அது வேலைக்குத் தயார்செய்யும் படிப்புதான், என்றாலும் அந்த வழக்கத்தைக் கடைப் பயிற்சிக்கும் கொண்டுவரலாம். இன்னொன்று நேரம். கடையில் வியாபாரம் சூடுபிடிப்பது சாயங்காலம். முக்கூடலுக்கோ நாங்குநேரிக்கோ பஸ் பிடிக்க வேண்டிய மாணவிகளுக்கு அது சரிப்படாது. அவர்களைப் பகலில் வேலை நடக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு சேர்க்கலாம். இதையெல்லாம் சரிசெய்தாலும் ஒன்று மிஞ்சுகிறது: ஓடிக்கொண்டிருக்கும் கடையை நடத்தத் தெரிந்துவிடும், இல்லாத ஒன்றைத் தொடங்கத் தெரிய வராது.

இனி சொந்தச் சரக்கு. அமெரிக்காவில் 1919-லேயே ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற அமைப்பு மாணவர்களைக் குறுநிறுவனம் நடத்த வைக்கத் தொடங்கியது. பின்லாந்தில் யுவாஸ்குலா நகரில் 1993 முதல் மாணவர்கள் கூட்டுறவு நிறுவனம் அமைத்து உண்மையான வாடிக்கையாளருக்கு வேலை செய்தே படிக்கிறார்கள். தில்லி அரசுப் பள்ளிகளில் 2021-ல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் வியாபார முதலாகத் தலைக்கு 2,000 ரூபாய் கொடுத்தார்கள்.

அதே 2,000 ரூபாயை இங்கே வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர், 10,000 ரூபாய். கல்லிடைக்குறிச்சி அப்பளம் கட்டு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 250 கட்டு வாங்கலாம். கட்டு 55-க்கு எல்லாம் விற்றுப்போய்விட்டது. பஸ், பை, மேசை வாடகை 900. லாபம் 2,850 என்று நோட்டில் எழுதிவிடலாம். ஆனால் 60 கட்டு தெரிந்தவர்களுக்குக் கடனாகப் போயிருந்தால் 3,300 ரூபாய் வெளியே நிற்கிறது. கையில் இருப்பது 9,550. லாபம் வந்த பிறகும் போட்ட முதலில் 450 குறைகிறது, அடுத்த கொள்முதலுக்குப் பணம் போதவில்லை. லாபம் வேறு, கையிருப்பு வேறு என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். சித்தப்பா வீட்டுக்குப் போய்ப் பாக்கி கேட்க வேண்டி வந்தால் மறக்கவே மாட்டார்கள்.

எந்தச் சரக்கு என்பதும் பாடம்தான். ஜூனில் தொடங்கும் செமஸ்டரில் அப்பளம் சொந்தமாகப் போட நினைத்தால், ஐப்பசி அடைமழையில் காயப்போட வெயில் இருக்காது. அந்தச் செமஸ்டரின் தொடக்கத்தில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டக் கூட்டமும் குற்றாலச் சீசனும் இருக்கின்றன. டிசம்பரில் தொடங்கினால் காருகுறிச்சிப் பானை பொங்கலுக்கு வேகமாகப் போகும். தை முதல் நாள் தாண்டிவிட்டால் மிஞ்சியதைப் பொங்கல் விலைக்கு வாங்க ஆள் வராது. பத்தமடைப் பட்டுப்பாய் அழகு, மதிப்பு, எல்லாம் உண்டு. நெய்ய நாள் பிடிக்கும், விலை அதிகம், வாங்குபவர் குறைவு. 10,000 ரூபாய் முதல் முழுவதும் ஒன்றிரண்டு பாயில் முடங்கிவிடலாம். முதல் தடவைக்கு அதை நான் கொடுக்க மாட்டேன்.

இந்த வழிக்கு எதிரான சான்றையும் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்தில் ஒரு கல்லூரியின் மாணவர் குறுநிறுவனப் பயிற்சியை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். திறமைகளில் குறிப்பிடும்படி முன்னேற்றம் இல்லை, தொழில் தொடங்கும் ஆசை குறைந்தே போனது. ஆசை குறைந்ததை நான் தோல்வியாக எண்ணவில்லை. தனக்கு இது ஒத்துவராது என்று 2,000 ரூபாயில் தெரிந்துகொள்வது, பின்னால் வீட்டை அடகு வைத்துவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல். திறமை வளராததுதான் உறுத்துகிறது. கணக்கைக் கண்டிப்பாகப் பார்க்க ஆளில்லாமல் சரக்கை மட்டும் கையில் கொடுத்தால் அது விளையாட்டாகிவிடும்.

டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில்களை வைத்து நடந்த ஆய்வு 2017-ல் வந்தது. கணக்கு, விற்பனை என்ற வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் லாபம் சுமார் 11 சதவீதம் கூடியது, அதையும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவில். தானாக முன்வந்து செய்வது, வாய்ப்பைத் தேடுவது, தடங்கலுக்கு முன்கூட்டியே தயாராவது ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்களுக்கு 30 சதவீதம் கூடியது. அவர்கள் ஏற்கெனவே தொழில் செய்தவர்கள், மாணவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் வகுப்பை எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று அது காட்டுகிறது.

ஆகவே நான் அமைக்கும் வரிசை இப்படி: முதல் மூன்று வாரம் கடை அல்லது சுயஉதவிக் குழு, அதற்கடுத்த இரண்டரை மாதம் சொந்தச் சரக்கு, கடைசியில் போட்டி. அந்த மேடையில் கற்பனைக் கணக்குக்கு இடமில்லை, குழுவின் கணக்குப் புத்தகமான பேரேட்டையே காட்ட வேண்டும். உண்மையிலேயே தொடர நினைப்பவர்கள் மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கடனுக்குப் போகும்போது திட்ட அறிக்கை எழுதத்தான் வேண்டும். அப்போது அதில் வரும் எண்கள் அவர்கள் கையால் விற்ற எண்களாக இருக்கும்.

முதல் போடும் முன்னால் ஆசிரியர் கறாராகச் செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. யார் வாங்குவது, யார் விற்பது, யார் அன்றாடக் கணக்குச் சிட்டை எழுதுவது, நடுவில் ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன ஆகும் என்று ஐவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும். பணம் இரண்டு பேர் கையெழுத்துள்ள கணக்கில் இருக்கட்டும். வாராவாரம் வெள்ளிக்கிழமை கையிருப்பை எண்ணிப் பேரேட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். முதல் பணத்தைக் கல்லூரியோ பழைய மாணவர்களோ கொடுக்கட்டும், நட்டம் வந்தால் எந்த அளவுவரை அவர்கள் ஏற்பார்கள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். பீடி சுற்றிப் படிக்க வைக்கும் அம்மாவிடம் அந்தப் பணத்தைக் கேட்கும் நிலைக்கு ஒரு பிள்ளையையும் தள்ளிவிடக் கூடாது.