சினை ஆட்டுக்குத் தராசா, கையா?

என்னிடம் மேச்சேரி இனச் செம்மறித் தாய் ஆடுகள் முப்பது இருக்கின்றன. எந்த ஆட்டுக்கு எவ்வளவு அடர்தீவனம் என்று முடிவு செய்ய இரண்டு வழிகள்: தொங்கு தராசில் எடை பார்ப்பது, அல்லது முதுகைத் தொட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது. இரண்டு ஆண்டுகள் தராசை நம்பினேன். இப்போது கையை நம்புகிறேன்.

குட்டிகளின் வளர்ச்சி, விற்பனை, குடற்புழு மருந்தின் அளவு ஆகியவற்றுக்கு எடைதான் வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

சிக்கல் சினை ஆட்டில்தான். ஐந்து மாதச் சினையில் குட்டியின் வளர்ச்சி பெரும்பாலும் கடைசி ஆறு வாரங்களில் நடக்கிறது. அப்போது தராசு முள் ஏறிக்கொண்டே போகும். ஏறுவது குட்டியும் பனிக்குட நீரும். தாயின் சதையோ கரைந்துகொண்டிருக்கலாம். ஓர் ஆடு மூன்று கிலோ கூடியிருக்கிறதே என்று மகிழ்ந்து, தீவனத்தைக் கூட்டாமல் விட்டேன். ஈன்றபோது மடியில் பால் இல்லை. நோஞ்சான் குட்டி நான்காம் நாள் செத்துப்போனது.

கை வயிற்றைக் கணக்கில் எடுப்பதேயில்லை. கடைசி விலாவுக்குப் பின்னால், முதுகெலும்பையும் அதன் இருபுறம் நீளும் குட்டை எலும்புகளையும் அழுத்திப் பார்க்கிறேன். முனைகள் கூராகக் குத்தி, விரல் எளிதாக அடியில் நுழைந்தால் 1. உருண்டு வழவழப்பாக இருந்து, நன்றாக அழுத்தினால்தான் எலும்பு தட்டுப்பட்டால் 3. அழுத்தியும் தெரியாவிட்டால் 5. கிடா சேர்க்கும்போது 3 முதல் 3.5 இருப்பது நல்லது. ஒரு மதிப்பெண் ஏற, உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூட வேண்டும். நாலு நாள் தீவனத்தில் அது நடக்காது. எனவே இரண்டு மாதம் முன்பே தொட்டுப் பார்த்து, இளைத்தவற்றைத் தனியே அடைத்துத் தீவனம் வைக்கிறேன். 4-ஐத் தாண்டியவற்றுக்கு ஒரு பிடியும் கிடையாது. மிகக் கொழுத்த ஆடும் சினையின் கடைசியில் தீவனம் எடுக்காமல் படுத்துவிடக்கூடும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த அளவுகோல் 1960-களில் ஆஸ்திரேலியாவிலும் ஸ்காட்லாந்திலும் கம்பளி ஆடுகளை வைத்து உருவானது. மேச்சேரி கம்பளி இல்லாத இனம். அதனால் 3 என்ற இலக்கு நம் ஆட்டுக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். மூன்று ஈற்றுதான் கையால் பார்த்திருக்கிறேன்.

ஆளுக்கு ஆள் கையும் மாறும். எனக்கு 3 என்று படுவது என் மனைவிக்கு 2.5. குட்டிகளை வைத்துப் பார்த்ததில் அவர் கணக்கே சரியாக வந்தது. இப்போது அவர் தொட்டுச் சொல்கிறார். நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு குறிக்கிறேன்.