ஜெர்மன் ப்ளூ ராம் மீன "ப்ரீடிங் பேர்"னு (முட்ட போடற ஜோடின்னு) யாராவது நீட்னா, பர்ஸ எடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

சென்னை கொளத்தூர் கலர் மீன் கடைங்க பக்கம் ராம் வாங்கப் போற ஐடியால இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். கடை பேர் போடல, ஏன்னா பில்லே குடுக்கல, ஜிபே ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான் இருக்கு, அதுலயும் கடை பேர் இல்லாம வேற யாரோ ஒருத்தர் பேர் வருது.

"இம்போர்ட்டட் ப்ரீடிங் பேர் ப்ரோ, இந்த மாசமே முட்ட போட்டுடும்"னு சொல்லி ஒரு ஜோடி 900 ரூபாய்க்கு குடுத்தாங்க. டேங்க் மேல பிங்க்கும் நீலமும் கலந்த எல்இடி லைட்டு, அதுக்கு கீழ ரெண்டு மீனும் ஜொலிக்குது, உடம்பெல்லாம் நீலப்பொட்டு, தலைல மஞ்சள், கண்ணு சிவப்பு. சைஸ் மட்டும் ஒரு இஞ்ச் கூட தேறாது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் நல்லாதான் இருந்துச்சு, அப்புறம் கலர் இறங்க ஆரம்பிச்சுது பாருங்க, துணி சாயம் போற மாதிரி ஒவ்வொரு வாரமும் வெளுத்துக்கிட்டே வந்து கடைசில சாம்பல் கலர்ல ரெண்டு மீன் நிக்குது. போன் பண்ணா உடனே ரெடியா பதில் வருது, "உங்க தண்ணிலதான் ப்ராப்ளம் ப்ரோ, போர் வாட்டரா?" போர் வாட்டர் இல்ல சாமி, ஆர்ஓ தண்ணி கலந்து பிஎச் 6.8ல வச்சிருக்கேன், ஹீட்டர் 28 டிகிரி, மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ, டெஸ்ட் கிட் போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரல. அதே டேங்க்ல கார்டினல் டெட்ரா கும்பல் ரொம்ப நாளா ஜம்முனு சுத்துது, அதுவும் ராம் மாதிரியே ஒரினோகோ ஆத்துப் பக்கத்து மீன்தான், இளஞ்சூட்டுல மெதுவான தண்ணி கேக்கற ஜாதி, தண்ணி சரியில்லன்னா அதுங்களும்தானே படுத்திருக்கணும்?

அப்புறம் வீட்டு மாடில ராம் ப்ரீட் பண்ற ஒரு அண்ணன்கிட்ட போட்டோ காட்டினேன், பார்த்ததும் சிரிச்சிட்டாரு. "தம்பி, இது மருந்து மீனு." தீவனத்துல மெதில் டெஸ்டோஸ்டிரோன் மாதிரி ஆண் ஹார்மோன் கலந்து குடுத்தா குஞ்சுலயே பெரிய மீனோட கலர் வந்துடுமாம். சாதாரணமா ராம் குஞ்சு வெளிறிப்போய்த்தான் இருக்கும், முழு கலர் ஏற மாசக்கணக்குல ஆகும், முழுசா வளந்தாலே ரெண்டரை இஞ்ச் பக்கம்தான். மருந்து நின்னா கலரும் போயிடும். இதுல பெண் மீனுக்கும் ஆண் கலர் வந்துடறதால எது ஆணு எது பெண்ணுன்னு கடையில கண்டுபிடிக்கவே முடியாது, அந்த மாதிரி பெண்ணு பின்னாடி ஒழுங்கா முட்ட போடும்னும் நம்ப முடியாது. ஆக ஒரு இஞ்ச் கூட இல்லாத மீன ப்ரீடிங் பேர்னு சொன்னதே முழுப் பொய்.

என் கேஸ்ல கொஞ்சம் வளந்ததும் ரெண்டுமே ஆணுன்னு தெரிஞ்சுது, ரெண்டுக்கும் முதுகுத் துடுப்போட முன் முள்ளு நீளமா நீட்டிக்கிட்டு நிக்குது, வயித்துல பெண்ணுக்கு வர்ற ரோஸ் கலர் ரெண்டுலயும் இல்ல. ராம் அமைதியான மீன்தான், டெட்ராவ திரும்பிக்கூட பார்க்காது, ஆனா சின்ன டேங்க்ல ரெண்டு ஆண போட்டா இடத்துக்காக முட்டிக்கத்தான் செய்யும். தோத்தது மூலைல ஒதுங்கி சாப்பாட்ட விட்டுடுச்சு, வெள்ளையா நூல் மாதிரி கழிஞ்சுது, வயிறு ஒட்டிப்போய் செத்துடுச்சு.

நேர்ல போய் கேட்டப்போ ஓனர் சொன்னது, "உயிருள்ள சாமான் சார், அதுக்கெல்லாம் கேரண்டி கிடையாது." சரிங்க, செத்ததுக்கு கேரண்டி வேணாம், ஜோடின்னு காசு வாங்கிட்டு ரெண்டு ஆண் குடுத்ததுக்கு என்ன சொல்றீங்கன்னா, "வேணும்னா இன்னொரு பேர் எடுத்துக்கோங்க, 600 போட்டுக்கறேன்"ங்கறாரு. அதே லைட்டு, அதே சைஸ் குஞ்சு!

வாங்கறவங்க அந்த கலர் லைட்ட அணைக்கச் சொல்லிட்டு போன் டார்ச்ச ஓரமா அடிச்சு பாருங்க, உங்க முன்னாடி தீவனம் போடச் சொல்லுங்க, சாப்பிடாத ராம எவ்ளோ கம்மியா குடுத்தாலும் வேணாம். பெண்ணுன்னு காட்டினா பக்கவாட்டுல இருக்கற கருப்பு புள்ளிக்குள்ள நீலப் பொட்டு மின்னுதான்னு பாருங்க, பெண்ணுக்கு பொதுவா மின்னும், வயிறும் ரோஸா இருக்கும், ஆனா ஒரு இஞ்சுக்கு கீழன்னா இந்த அடையாளத்த எல்லாம் நம்பாதீங்க. கொஞ்சம் வெளிறின குஞ்சா, தாய் தகப்பன் மீன காட்டற ஆள்கிட்ட நாலஞ்சு வாங்கி வளத்தா ஜோடி தன்னால சேரும், செலவும் கிட்டத்தட்ட அதேதான். கொளத்தூர்ல நல்ல ப்ரீடர்ஸ் நிறைய பேர் இருக்காங்க, மெயின் ரோட்டு கடைய விட்டு உள்ள சந்துக்குள்ள போகணும், அவ்ளோதான்.

மிச்சம் இருக்கற ஒருத்தன் இன்னும் சாம்பல் கலர்லதான் இருக்கான், ஆனா நல்லா சாப்பிடறான். அவனுக்கு ஜோடி அந்த மாடி அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், பெண் குஞ்சு பெருசானதும் கூப்பிடறேன்னாரு.