பழைய செப்புக் காசு தேட மெட்டல் டிடெக்டர்: நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

மெட்டல் டிடெக்டர் மதிப்புரைகள் பலவும் பெட்டியைப் பிரித்த சூட்டோடு எழுதப்படுபவை. மேஜைமேல் ஒரு காசை வைத்து, அதன் மேலே காயிலை, அதாவது தண்டின் நுனியில் இருக்கும் கம்பிச்சுருள் தட்டை, ஆட்டிக் காட்டி, இவ்வளவு ஆழம் எடுக்கிறது என்று முடித்துவிடுவார்கள். நடுவில் மண் வந்தால் கதையே வேறு. என்னிடம் இருப்பது ஒற்றை அதிர்வெண்ணில் ஓடும் நடுத்தர விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) கருவி, 11 அங்குல டபுள் டி காயில் (D வடிவச் சுருள்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்தது). மழைக்காலம், கோடை எல்லாம் பார்த்தாகிவிட்டது. தேடியது பெரும்பாலும் பழைய செப்புக் காசுகளைத்தான்.

முதலில், அடியில் என்ன உலோகம் என்று ஊகிக்கத் திரையில் வரும் எண்ணைப் பற்றி. காயிலின் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதிலிருந்து திரும்பி வரும் சிக்னல் எவ்வளவு பின்தங்குகிறது என்பதை வைத்துத்தான் கருவி எண் போடுகிறது. மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்த இடம் செம்புக்கு. அதனால் கனமான, சுத்தமான செப்புக் காசுக்கு எண் உச்சியில் நிற்கும். ஆனால் பழங்காசுகள் அப்படி ஒழுங்காகக் கிடைப்பதில்லை. தேய்ந்து மெலிந்திருக்கும், விளிம்பை மண் தின்றிருக்கும், அல்லது வெள்ளீயம் கலந்த வெண்கலமாக இருக்கும். அப்போது எண் நடுவுக்கு இறங்கி, குளிர்பான டப்பாவின் அலுமினிய வளையமும் காசும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். குப்பை வேண்டாம் என்று நடு எண்களை டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத எண்களுக்கு ஒலி வராமல் செய்யும் வசதி) வெட்டினால், பழங்காசுகளில் பாதியையும் சேர்த்து வெட்டினதுதான். நான் இரும்பை மட்டும் லேசாக வெட்டிவிட்டு, மற்றதைக் காதிடம் விட்டுவிடுகிறேன்.

காசின் ஒலி சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடியும். இடமிருந்து வலம் ஆட்டினாலும் வலமிருந்து இடம் ஆட்டினாலும் ஒரே மாதிரி கேட்கும். துருப்பிடித்த ஆணி கெட்டிக்காரன். ஒரு திசையில் அருமையான உயர்ந்த ஒலி கொடுக்கும். நின்ற இடத்திலிருந்து கால் வட்டம் சுற்றிப்போய் மறுபடி ஆட்டினால் ஒலி உடைந்து கரகரக்கும், அல்லது ஓர் அடி தள்ளிப் போய்விடும். இந்த ஒரு சோதனை எத்தனையோ வெட்டிக் குழிகளை மிச்சப்படுத்தியிருக்கிறது. இரும்பு ஆட்களை ஏமாற்றுவது புதிதல்ல. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் இருந்த துப்பாக்கிக் குண்டை அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் செய்த கருவியால் தேடினார். குண்டு அகப்படவில்லை. கட்டிலின் எஃகுச் சுருள்கள் குழப்பிவிட்டன என்பார்கள்.

ஆழத்தைப் பற்றி அதிகம் ஆசைப்படாதீர்கள். காசு போன்ற சின்னப் பொருள் இரண்டு மடங்கு ஆழத்தில் இருந்தால் சிக்னல் 64-இல் ஒரு பங்கு வரைகூடச் சுருங்கிவிடலாம். ஒரு சாண் ஆழம் வரை நம்பலாம். அதற்குக் கீழே எண் தாறுமாறாகத் தாவும், ஆனால் மெல்லிய ஒலி மட்டும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்தைத் தோண்டுங்கள். இரும்புத் தாதுக்கள் நிறைந்த செம்மண்ணில் இதுவும் குறையும். காயிலை மேலும் கீழும் அசைத்து, இரைச்சல் அடங்கும் வரை கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சொந்தச் சிக்னலைக் கழிப்பது) செய்யாமல் அங்கே வேலை ஆகாது. சென்சிட்டிவிட்டியை (உணர்திறன்) முழுதாகத் திருகி வைப்பது வீண். கருவி சும்மா புலம்பிக்கொண்டே இருக்கும், நடுவில் காசு பேசினாலும் கேட்காது.

கருவியின் உடம்பைப் பொறுத்தவரை பெரிய குறை இல்லை. தண்டின் திருகுப் பூட்டு மணல் புகுந்தால் வழுக்குகிறது. கேபிளைத் தண்டோடு இறுக்கிச் சுற்றாவிட்டால் அது ஆடும்போதெல்லாம் பொய்ச் சிக்னல் வரும். காயில் உறைக்குள் மண் சேர்ந்தாலும் அப்படித்தான், அவ்வப்போது கழற்றிக் கழுவிவிட வேண்டும். உப்பு ஈரமுள்ள கடற்கரைக்கு இந்த ஒற்றை அதிர்வெண் கருவி லாயக்கில்லை. கூடுதல் பணம் இருந்தால் பெரிய காயில் வாங்காமல் 6 அங்குலச் சின்னக் காயில் வாங்குங்கள். ஆணிகள் நிறைந்த இடத்தில் இரண்டு ஆணிக்கு நடுவே கிடக்கும் காசைப் பிரித்துச் சொல்வது அதுதான். கூடவே ஒரு பின்பாயின்ட்டர், குழிக்குள் காசு இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சின்னக் கைக்கருவி. மண்வெட்டி காசைக் கீறாமல் இருக்க வேறு வழியில்லை.

அப்புறம் அனுமதி. நிலத்துக்காரரைக் கேட்காமல் இறங்கக் கூடாது, தொல்லியல் பாதுகாப்பில் உள்ள இடங்களின் பக்கமே போகக் கூடாது. கண்டெடுத்ததை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டமும் பல நாடுகளில் இருக்கிறது, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காசு கையில் வந்ததும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கத் தோன்றும். தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். செம்பு அரித்துப்போன காசில் எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அந்தப் பச்சைப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். வினிகர், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் மெதுவாக எடுத்தால் போதும். கெட்டியான, வழவழப்பான படலம் காசுக்குக் காவல். துடைத்த பிறகும் வெளிர்பச்சைப் பொடி மறுபடி மறுபடி பூத்தால் அது குளோரைடு அரிப்பு. காற்றின் ஈரம் பட்டால் உள்ளே தின்றுகொண்டே போகும். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் உலர்வாக வையுங்கள். மலிவான பிவிசி உறைகளும் வேண்டாம், நாள்பட அவையே செம்பை அரிக்கும்.