ஃபெர்குசனா, கீனா: முதலில் எதைப் படிப்பது?

2005 அக்டோபர் கடைசியில் மிடில்ஸ்பரோவிடம் இங்கிலாந்துக் கால்பந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட் 4-1 என்று தோற்றது. காயத்தால் ஆடாமல் இருந்த கேப்டன் ராய் கீன், கிளப்பின் சொந்த டிவிக்குக் கொடுத்த பேட்டியில் சக வீரர்களை வறுத்தெடுத்தார். பேட்டி ஒளிபரப்பாகவில்லை. ஆனால் மொத்த அணியும் உட்கார்ந்து அதைப் பார்த்தது, நவம்பர் 18 அன்று கீன் கிளப்பை விட்டுப் போனார். இதை இருவருமே எழுதியிருக்கிறார்கள்: அன்றைய மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் 2013இல் 'மை ஆட்டோபயோகிராஃபி'யில், கீன் 2014இல் 'தி செகண்ட் ஹாஃப்'பில்.

ஃபெர்குசன் எழுதுவது தீர்ப்பு. கீனின் உடம்பிலேயே மிகக் கடினமான பகுதி அவர் நாக்குதான் என்கிறார். அதே கிளப்பிலிருந்து போன டேவிட் பெக்காம் கதையிலும் இதே கணக்குதான், எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் மேனேஜர் கையிலிருந்து பிடி நழுவக்கூடாது. 26 வருஷம் ஒரே கிளப்பை நடத்தியவர் எப்படி யோசிப்பார் என்று தெரிய வேண்டுமானால் இதைவிட நல்ல புத்தகம் இல்லை. ஆனால் வெளியே அனுப்பப்பட்டவனுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்பது அதில் கிடைக்காது.

அது கீனிடம் இருக்கிறது. தயாராக வைத்திருந்த அறிக்கையை நீட்டுகிறார்கள், அதில் பதினொன்றரை வருஷ சேவைக்கு நன்றி என்று இருக்கிறது, இவர் ஆடியதோ பன்னிரண்டரை வருஷம், அதையும் இவரே திருத்த வேண்டியிருக்கிறது. அப்புறம் காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுகிறார். அவ்வளவுதான், அதற்குமேல் இழுக்கவில்லை. கூட எழுதிய நாவலாசிரியர் ராடி டாய்லுக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அதே கீன், "பசங்களா, டாட்டன்ஹாம்தான்" (எதிரணியைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை என்ற அர்த்தத்தில்) என்று மட்டும் சொல்லி ஃபெர்குசன் டீம் பேச்சை முடித்த நாளை ரசித்தும் எழுதுகிறார். கோபம் இருந்தும் அந்த மரியாதை குறையவில்லை.

கீனின் 2002 புத்தகமும் இருக்கிறது, மான்செஸ்டர் சிட்டி வீரர் ஆல்ஃப்-இங்கே ஹாலண்ட் மீதான முரட்டு டேக்கிளைப் பற்றி எழுதியதால் 5 ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் வாங்கித் தந்த புத்தகம். வேகமானது, ஆனால் 2014இல் வந்ததுதான் நேர்மையில் ஒரு படி மேல்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கீனை வாங்குங்கள். இரண்டும் முடித்தவர்கள் ஃபெர்குசனின் 1999 புத்தகத்தைத் தேடிப் பிடித்து அந்த வருஷம் டூரினில் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிப் பக்கங்களைப் படியுங்கள். மஞ்சள் அட்டை வாங்கியாயிற்று, இறுதி ஆட்டம் தனக்கில்லை என்று தெரிந்தும் யுவென்டஸுக்கு எதிராக ஓடி ஓடி உழைத்த கீனை அப்படிப் புகழ்ந்திருப்பார். அந்தப் பக்கத்தை முடித்த கையோடு 2013 புத்தகத்தின் நாக்கு வரிக்கு வந்தால் மனது கஷ்டப்படும்.